‘நெட்வொர்க் எரர்’ என்று மட்டும் சொல்லும் செயலிகள்: கெர்னலுக்குத் தெரிந்ததைக் கேட்டுச் சொன்னால் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் கைபேசிச் சேவை சரியில்லை என்ற குறை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அடிக்கடி இடம்பெறுகிறது. டவர் போதாது, சிக்னல் நிற்பதில்லை, புதிய டவர் வேண்டும் என்பதோடு அக்கடிதங்கள் முடிந்துவிடுகின்றன. அவை சொல்வதில் பொய்யில்லை. ஆனால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் மீன் கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில், இந்தக் குறையின் மறுபாதியைப் பற்றி எழுத விரும்புகிறேன். இணைப்பு எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது கைபேசியின் இயங்குதளத்துக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. செயலி கேட்டால் அது சொல்லவும் செய்யும். நான் பார்த்தவரை, நம் மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் செயலிகள் அதைக் கேட்பதே இல்லை. எல்லாத் தடுமாற்றத்துக்கும் ‘நெட்வொர்க் எரர், பிறகு முயலவும்’ என்ற ஒரே வாசகத்தை நீட்டிவிட்டு நின்றுவிடுகின்றன.

செயலி ஒன்று சர்வரோடு பேசும்போது அந்தப் பேச்சைச் சுமந்து செல்வது இயங்குதளத்தின் மையமான கெர்னல். செயலி தன் தகவலைக் கெர்னலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதைச் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிப்பது, எண்ணிட்டு அனுப்புவது, மறுமுனையிலிருந்து ஒப்புகை வந்ததா என்று பார்ப்பது, வராதவற்றை மறுபடி அனுப்புவது எல்லாம் கெர்னலின் பொறுப்பு. 1981-இல் வரையறுக்கப்பட்டு, 2022-இல் செப்பனிட்டு மறுபடி வெளியிடப்பட்ட டி.சி.பி. என்ற நெறிமுறை இதைத்தான் விதிக்கிறது. ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபாலைப் போன்ற ஏற்பாடு இது. எந்த உறை எப்போது போனது, எதற்கு அட்டை திரும்பியது, திரும்ப எவ்வளவு காலம் பிடித்தது என்ற பதிவேடு இல்லாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது. ஆகவே ஒவ்வோர் இணைப்புக்கும் அப்படியொரு பதிவேட்டைக் கெர்னல் தன் தேவைக்காகவே வைத்துக்கொள்கிறது. நாம் புதிதாக எதையும் அளக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே அளந்து வைத்திருப்பதைப் பார்க்கச் சொல்கிறோம்.

அந்தக் கணக்கு இவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜத் தொலைவில், நொடிக்கு 32 ஆயிரம் பிட் என்ற அளவில் சென்றுகொண்டிருந்த தகவல் 40 பிட்டாகச் சுருங்கிப்போனது. நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைய, தொலைந்தவற்றைக் கணினிகள் அவசரப்பட்டு மறுபடி மறுபடி அனுப்ப, நெரிசல் மேலும் இறுகியது. அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் இதற்கு வழி சொன்னார். பாக்கெட் போய்வரும் நேரத்தை ஓயாமல் அளப்பது, புதிதாக அளந்ததற்கு எட்டில் ஒரு பங்கு மதிப்புக் கொடுத்துச் சராசரியைத் திருத்திக்கொண்டே போவது, சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதையும் கணக்கில் வைத்து மறு அனுப்பலுக்குக் காத்திருப்பது, எவ்வளவு அனுப்பலாம் என்பதை இழப்பைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது ஆகியவை அவர் வகுத்த முறையின் கூறுகள். நம் சட்டைப் பையில் இருக்கும் கைபேசியிலும் போய்வரும் நேரத்தின் அந்தச் சராசரிக் கணக்குதான் அடிப்படையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கெர்னல் இந்தப் பதிவேட்டைச் செயலிகளுக்குத் திறந்துவிட்டது இன்று நேற்றல்ல, 2.4 வரிசைப் பதிப்புகளிலேயே டி.சி.பி. இன்ஃபோ என்ற வசதி வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு இயங்குவதும் லினக்ஸ் கெர்னலின் மேல்தான். செயலி, தான் திறந்த சாக்கெட்டை, அதாவது இணைப்பில் தன் பக்கத்து முனையைச் சுட்டி ஒரே ஓர் அழைப்பு விடுத்தால் போதும். போய்வரும் நேரத்தின் சராசரி மைக்ரோ வினாடிக் கணக்கில் வரும். அதன் ஏற்ற இறக்கம், இதுவரை மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகள், இன்னும் ஒப்புகை வராதவை, மறுமுனையிலிருந்து கடைசியாகத் தகவல் வந்து எத்தனை மில்லி வினாடி ஆயிற்று என்பவை எல்லாம் ஒரே கட்டாகக் கைக்கு வந்துவிடும். பின்னர் 2016-இல், அந்த இணைப்பில் அண்மையில் கண்ட மிகக் குறைந்த போய்வரும் நேரம் சேர்ந்தது; அதே ஆண்டு டிசம்பரில் வெளியான 4.9 பதிப்பில் தகவல் உண்மையில் போய்ச் சேரும் வேகம் சேர்ந்தது. 2017 பிப்ரவரியின் 4.10 பதிப்பில், அனுப்பும் வேலையில் கழிந்த நேரம் எவ்வளவு, அதில் மறுமுனையின் கொள்ளளவு போதாமல் நின்ற நேரம் எவ்வளவு, நம் பக்கத்துத் தாங்கு நினைவகம் (பஃபர்) போதாமல் நின்ற நேரம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கணக்கும் சேர்ந்தது. புதியவை எப்போதும் கட்டின் கடைசியில்தான் சேர்க்கப்படுகின்றன. எவ்வளவு நீளம் நிரப்பப்பட்டது என்பதையும் கெர்னல் சொல்லிவிடுவதால், பழைய செயலி புதிய கெர்னலிலும் புதிய செயலி பழைய கெர்னலிலும் தடையின்றி ஓடும். பத்தாண்டுப் பழைய கைபேசி கையில் இருக்கும் ஊர்களுக்கு இது சிறிய வசதி அன்று.

இந்த எண்களால் நம் கரைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஆடி அமாவாசையன்றோ தை அமாவாசையன்றோ இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் நின்று கைபேசியை எடுத்துப் பாருங்கள். சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும். பணம் அனுப்பும் செயலியோ சுற்றிக்கொண்டே இருக்கும். கோடுகள் காட்டுவது ரேடியோ அலையின் வலிமையை மட்டுமே. அந்த ஒரு டவரை எத்தனை ஆயிரம் பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதை அவை காட்டுவதில்லை. கெர்னலின் பதிவேட்டில் அது தெரியும். குறைந்தபட்சப் போய்வரும் நேரம் 40 மில்லி வினாடியாகவும், இப்போதைய சராசரி 2,000 மில்லி வினாடியாகவும், தொலைந்த பாக்கெட்டுகள் மிகக் குறைவாகவும் இருந்தால், பாதை அறுபடவில்லை, வரிசைதான் நீண்டுவிட்டது என்று கொள்ளலாம். அந்த நேரத்தில் செயலி பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்; ‘கூட்ட நெரிசலால் தாமதம், கோரிக்கை போய்க்கொண்டிருக்கிறது, மறுபடி அழுத்த வேண்டாம்’ என்று பயனரிடம் சொல்ல வேண்டும். இன்று நடப்பது நேர்மாறு. செயலி சில நொடிகளில் கைவிட்டுப் பிழை என்கிறது, பயனர் மறுபடி அழுத்துகிறார், ஒவ்வோர் அழுத்தலும் ஏற்கெனவே நீண்டிருக்கும் வரிசையில் போய் நிற்கிறது. 1986-இல் பெர்க்லியில் கணினிகள் செய்த பிழையை அமாவாசைக் கூட்டத்தில் மனிதர்களைக்கொண்டு செய்விக்கிறோம்.

மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் பாம்பன் தெற்கிலிருந்து கிளம்பும் நாட்டுப்படகின் நிலை வேறு. கரையிலிருந்து விலக விலக மறு அனுப்பல்கள் ஏறிக்கொண்டே போகும், போய்வரும் நேரம் தாறுமாறாக ஆடும், பிறகு கடைசி ஒப்புகை வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற எண் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். இங்கே காத்திருப்பதில் பயனில்லை. படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் அனுப்புவது, அதுவும் போகாவிட்டால் கைபேசியிலேயே சேமித்துவைத்து ‘சிக்னல் கிடைத்ததும் தானே போகும்’ என்று சொல்வது ஆகியவைதாம் செய்யத்தக்கவை. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், காற்று, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகள் பற்றிய முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. அத்தகைய முன்னறிவிப்பைக் காட்டும் எந்தச் செயலியும், புதுப்பிக்க முயன்று தோற்றுவிட்டால், திரையில் இருப்பது எப்போது வந்த தகவல் என்பதைப் பெரிய எழுத்தில் காட்டியே ஆக வேண்டும். நேற்றைய கடலை இன்றைய கடலாகக் காட்டும் திரை, திரையே இல்லாததைவிடக் கெடுதலானது.

மூன்றாவது நிலைதான் அலுவலகங்கள் பேச விரும்பாதது. தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ ஓர் இ-சேவை மையத்தில், கம்பி வழி இணைப்பு நன்றாகவே இருக்கும்போது, நிவாரண விண்ணப்பத்துக்கான ஆவணப் படத்தை ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியது முழுவதற்கும் ஒப்புகை வந்துவிட்டது, தொலைந்தது எதுவுமில்லை, போய்வரும் நேரமும் சீராக இருக்கிறது. ஆனால் பதில் மட்டும் வரவில்லை. அல்லது, மறுமுனை ‘இப்போதைக்கு மேலும் அனுப்பாதே’ என்று சொல்லி நிறுத்திவைத்த நேரமே மொத்த நேரத்தில் பெரும்பங்காக இருக்கிறது. இரண்டிலுமே பாதை குற்றமற்றது. சுணங்குவது சர்வர் பக்கம். ஆனால் வரிசையில் நிற்கும் பெண்களுக்குக் கிடைக்கும் விடை, ‘நெட் ஸ்லோம்மா, மதியம் வாங்க’ என்பதே. அந்த விடையைச் சொல்லும் ஊழியரும் பொய் சொல்லவில்லை. அவர் முன்னால் இருக்கும் திரை அவருக்கு வேறு எதையும் சொல்லவில்லை. பழியைச் சுமப்பது, அங்கே இல்லாத டவர்.

இணைப்பு உண்டாகும் முன்பே தோற்றுப்போகும்போதும் இதே கதைதான். கெர்னல் அப்போது தனித்தனிப் பிழைக் குறிகளைத் தருகிறது. போகும் வழியே இல்லை என்பது ஒரு குறி. அனுப்பினேன், விடையே இல்லை என்பது இன்னொன்று. மறுமுனை மறுத்துவிட்டது என்பது வேறொன்று. மறுக்கப்பட்டது என்றால், நம் பாக்கெட் அந்தக் கணினி வரையோ அதன் முன்னிருக்கும் காவல் கருவி வரையோ போய், அங்கிருந்து ஒரு விடை திரும்பியும் வந்திருக்கிறது என்று பொருள். அதாவது சிக்னல் நன்றாகவே இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ‘உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று சொல்வது தொழில்நுட்பக் குறைபாடு என்பதைவிடச் சோம்பல் என்பதே பொருந்தும்.

செயலிகள் காத்திருக்கும் கால அளவும் கண்ணைக் கட்டிக்கொண்டு முடிவு செய்யப்படுகிறது. லினக்ஸின் இயல்பு அமைப்பில், புதிய இணைப்புக்கு விடையே வராவிட்டால் கெர்னல் ஏறத்தாழ 127 நொடிகள் முயன்று பார்க்கும். ஏற்கெனவே உள்ள இணைப்பில் அனுப்பியதற்கு ஒப்புகை வராவிட்டால், காத்திருப்பை ஒவ்வொரு முறையும் இரட்டித்துக்கொண்டே போய், இணைப்பு செத்துவிட்டது என்று முடிவு கட்ட 15 நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். எந்தப் பயனரும் அவ்வளவு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். ஆகவே செயலி எழுதுபவர்கள் தாங்களே 10 நொடி, 30 நொடி என்று ஒரு வரம்பு வைக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒளியிழை இணைப்புள்ள அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தபோது வசதியாகத் தெரிந்த எண்ணாக இருக்கும். போய்வரும் நேரம் இரண்டு நொடியாக நீண்டிருக்கும் இணைப்பில், பாதுகாப்பான இணைப்பு ஏற்படுவதற்கான பரிமாற்றங்களுக்கே பல நொடி போய்விடும். அங்கே 10 நொடி வரம்பு என்பது முயல்வதற்கு முன்பே கைவிடுவதற்குச் சமம். கெர்னல் தன் காத்திருப்பை அளந்து முடிவு செய்கிறது. அதன் மேலமர்ந்த செயலி அளக்காமல் முடிவு செய்கிறது.

‘மீனவருக்கு மைக்ரோ வினாடி எதற்கு, அவருக்கு வேலை முடிந்தால் போதாதா’ என்று என் தொழிலில் இருப்பவர்களே கேட்பதுண்டு. எண்களைத் திரையில் கொட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. படகில் இருப்பவருக்கு வேண்டியது மூன்று நான்கு தெளிவான வாசகங்கள்: ‘போய்ச் சேர்ந்துவிட்டது’; ‘போய்க்கொண்டிருக்கிறது, காத்திருங்கள்’; ‘பாதை இல்லை, சேமித்து வைத்திருக்கிறேன்’; ‘சர்வரிலிருந்து விடை இல்லை, உங்கள் பக்கம் குறையில்லை’. இவற்றில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கத்தான் அந்த எண்கள்.

வேகச் சோதனைச் செயலிகள் இருக்கின்றனவே என்பதும் அடிக்கடி கேட்கும் மறுமொழி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே ‘மைஸ்பீடு’ என்ற செயலியை வெளியிட்டிருக்கிறது. அதற்குரிய பயன் அதற்கு உண்டு. ஆனால் வேகச் சோதனை என்பது புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து, வேறொரு சர்வரோடு, வேறொரு நேரத்தில் பேசிப் பார்ப்பது. சற்று முன் சிக்கி நின்ற அந்த விண்ணப்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது, சிக்கி நின்ற அந்த இணைப்பின் பதிவேடு மட்டுமே.

இந்தப் பதிவேட்டுக்கும் வரம்புகள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஒப்புகை என்பது மறுமுனைக் கெர்னல் பெற்றுக்கொண்டது என்பதற்குத்தான் சான்று. அங்குள்ள மென்பொருள் அதைப் படித்ததா, பணம் வரவானதா, விண்ணப்பம் பதிவானதா என்பதற்குச் சான்றாகாது. ‘போய்ச் சேர்ந்துவிட்டது’ என்ற வாசகத்தை, மறுமுனை மென்பொருளிடமிருந்தே விடை வந்த பிறகுதான் காட்ட வேண்டும். கைபேசி நிறுவனங்கள் நடுவில் வைத்திருக்கும் இடைநிலைக் கருவிகள் சில சமயம் இணைப்பை இரண்டாக வெட்டி ஒட்டுகின்றன. அப்போது கெர்னல் அளக்கும் போய்வரும் நேரம் அந்தக் கருவி வரைக்குமானதே. மேலும், சும்மா கிடக்கும் இணைப்பில் சராசரி நேரம் பழையதாகவே நின்றுவிடும். கரையில் இருந்தபோது அளந்த எண்ணைக் கடலில் போய் நம்புவதாக முடியும். கடைசியாக ஒப்புகை வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரலாகாது. இன்னொன்று, பெரும்பாலும் கைபேசி பெறுகிற பக்கமாகவும் சர்வர் அனுப்புகிற பக்கமாகவும் இருக்கின்றன. இழப்பும் நெரிசலும் அனுப்புகிறவரின் பதிவேட்டில்தான் நன்றாகத் தெரியும். ஆகவே கைபேசியில் மட்டும் பார்த்தால் போதாது.

திறந்துவைப்பது என்றவுடன் எழும் அச்சம் நியாயமானது. எதைத் திறப்பது, யாருக்குத் திறப்பது என்பதில் கவனம் வேண்டும். லினக்ஸில் கணினியின் எல்லா இணைப்புகளையும், எந்த முகவரியோடு பேசுகின்றன என்பதையும் பட்டியலிடும் ஒரு கோப்புப் பகுதி உண்டு. ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் அதை எந்தச் செயலியும் படிக்க முடிந்தது. அதாவது ஒரு விளையாட்டுச் செயலி, நீங்கள் எந்த வங்கியின் சர்வரோடு பேசுகிறீர்கள் என்பதை எட்டிப் பார்க்க முடிந்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 அந்தக் கதவை அடைத்தது. அது சரியான முடிவு. டி.சி.பி. இன்ஃபோ அப்படிப்பட்டதன்று. செயலி தன் கையில் இருக்கும் சாக்கெட்டைப் பற்றி மட்டுமே கேட்க முடியும். அடுத்தவர் இணைப்பைப் பற்றி அதனால் எதுவும் அறிய முடியாது.

அப்படியிருந்தும், தன் சொந்த இணைப்பின் போய்வரும் நேரம்கூட ஒருவர் இருக்கும் இடத்தைப் பற்றிக் குறிப்புத் தரக்கூடியது. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும்; போய்வர ஒரு மில்லி வினாடிதான் ஆகிறதென்றால், மறுமுனை 100 கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். இணையப் பக்கங்களுக்கு இந்த எண்ணைத் தரும் உலாவிகள் அதை அப்படியே தராமல் தோராயமாக்கித் தருவதற்கும், சஃபாரி போன்றவை தராமலே இருப்பதற்கும் இத்தகைய தயக்கமே காரணம். ஆகவே என் பரிந்துரை, கைபேசிக்குள் எண்ணைப் படித்து, கைபேசிக்குள்ளேயே முடிவு செய்து, வாசகத்தை மட்டும் காட்டுவது. எண்கள் வெளியே போக வேண்டுமானால் பயனரைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

இந்த எண்ணம் புதியதன்று. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெப்100 என்ற திட்டத்தின் கீழ் லினக்ஸ் கெர்னலைத் திருத்தி, டி.சி.பி. இணைப்பின் உள்நிலைகளை விரிவாக வெளியே காட்டினார்கள். அவர்களின் திருத்தம் மைய லினக்ஸில் சேரவில்லை. ஆனால் அந்த அனுபவம் 2007-இல், இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆர்.எஃப்.சி. வரிசையில் 4898 என்ற எண்ணுள்ள ஆவணமாக நிலைபெற்றது. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் விஸ்டா காலத்திலேயே இணைப்பு வாரியான புள்ளிவிவரங்களைத் தந்தது. 2017-இல் விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பில் லினக்ஸைப் போன்ற எளிய வழியையும் சேர்த்தது. ஆப்பிளின் இயங்குதளத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. வசதி எல்லா இடத்திலும் இருக்கிறது. பயன்படுத்தாததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: ஆண்ட்ராய்டில் ஜாவா, கோட்லின் மொழிகளில் எழுதுபவர்களுக்கு இது நேராகக் கைக்கு எட்டுவதில்லை, சி மொழியில் ஒரு சிறு துணுக்கு எழுதி இணைக்க வேண்டும். அதற்கு அரை நாள் வேலை என்றால், கேட்காத வேலையை யார் செய்வார்கள்?

அங்கேதான் அரசுத் துறைகள் வர வேண்டியிருக்கிறது. கடலோர மக்களுக்கான செயலிகளையும் இ-சேவை மென்பொருளையும் துறைகள் ஒப்பந்தப்புள்ளி மூலமே வாங்குகின்றன. அந்த ஒப்பந்த நிபந்தனைகளில் நிறம், சின்னம், உள்நுழையும் திரை ஆகியவை பக்கக் கணக்கில் இருக்கும். இணைப்பு தடுமாறும்போது செயலி எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு இரண்டு வரி இருந்தால் போதும். இணைப்பின் நிலையை இயங்குதளத்திடமிருந்து அறிந்து, பாதையின் குறையையும் சர்வரின் குறையையும் பிரித்துத் தமிழில் தெரிவிக்க வேண்டும் என்பது முதல் வரி. அனுப்பப்படாதவற்றைச் சேமித்து, ஒரே கோரிக்கை இரு முறை பதிவாகாதபடி மறுபடி அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது. நிபந்தனையில் டி.சி.பி. என்று பெயர் குறிக்காமல் இருப்பதே நல்லது. 2021-இல் நெறிமுறையாக வெளியான குவிக் என்ற புதிய முறையில் இந்தப் பதிவேடு கெர்னலில் இல்லாமல் செயலியோடு சேர்ந்த நூலகத்திலேயே இருக்கிறது; கெர்னலுக்கு, ஒப்புகைக் கணக்கு ஏதுமில்லாத யு.டி.பி. என்ற எளிய முறையின் பாக்கெட்டுகள் மட்டுமே தெரியும். எங்கே இருந்தாலும் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பதுதான் நோக்கம்.

சர்வர் பக்கத்திலும் ஒன்று செய்யலாம். 2009-இல் தொடங்கிய எம்-லேப் என்ற திறந்த அளவீட்டு முயற்சி, தன் வேகச் சோதனைகளின்போது சர்வர் கெர்னலின் டி.சி.பி. இன்ஃபோ பதிவுகளைச் சேர்த்து, எவரும் ஆராயும்படி வெளியிட்டு வருகிறது. நம் துறைகளின் சர்வர்களும் லினக்ஸில்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. ஒவ்வோர் இணைப்பும் முடியும்போது அதன் போய்வரும் நேரம், மறு அனுப்பல், விடை தரச் சர்வர் எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்து, தனிநபர் அடையாளம் எதுவும் இல்லாமல் மாத வாரியாகத் தொகுத்து வெளியிட்டால், திருவாடானைப் பக்கம் டவர் வேண்டுமா, அல்லது சர்வரைப் பெரிதாக்க வேண்டுமா என்ற கேள்விக்குச் சான்றோடு விடை கிடைக்கும். டவர் கேட்டுக் கடிதம் எழுதும் வாசகர்களுக்கும் அந்தத் தொகுப்பு கையில் இருந்தால் வாதம் வலுப்படும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பயன்படுத்துவோர் ஊரில் இருப்பார்கள், நிவாரணப் பதிவுகளும் அந்தச் சமயத்தில்தான் மிகுதி. லினக்ஸில் நெட்எம் என்றொரு வசதி உண்டு. வேண்டிய தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாக உண்டாக்கும். இரண்டு நொடித் தாமதம், பத்துக்கு ஒரு பாக்கெட் இழப்பு என்று வைத்து ஒப்பந்த நிறுவனம் முதலில் தன் அலுவலகத்திலேயே ஓட்டிப் பார்க்கட்டும். அதில் தேறிய செயலியை ஏற்றுக்கொள்ளும் முன், துறை அதிகாரி ஒருவர் குந்துகாலிலும், மூக்கையூரிலும், கைபேசி சில சமயம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும் அரிச்சல்முனையிலும் நின்று, ஒரு விண்ணப்பத்தை முழுமையாக அனுப்பிப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.